ரெபெக்கா ஓடுவதற்குக் காரணம்

யானைகள் யாரைக் கண்டு வேண்டுமானாலும் ஓடட்டும், எனக்குக் கவலையில்லை. என்னைக் கண்டு மட்டும் ஓடுவதுதான் எரிச்சலாக இருந்தது.

எங்கள் ஆராய்ச்சி முகாமின் சமையல்காரர் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி புதர்களுக்குள் நடப்பார். யானைகள் அவை பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து படம் பிடிப்பார்கள். அவர்களையும் அவை சட்டை செய்வதில்லை. முகாமின் தலைவி கவீன்யா மேடம் ஜீப்பை ஒரு யானையின் வாலுக்குப் பக்கத்தில் நிறுத்தி மதியச் சாப்பாட்டையே முடித்துக்கொள்வார். அதே ஜீப்பில், அதே மேடத்துக்குப் பக்கத்தில், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த முதல் நாளில் நடந்ததைக் கேளுங்கள். அரை மைலுக்கு அப்பால் நின்ற ரெபெக்கா என்ற பெண் யானையின் குடும்பம் தும்பிக்கைகளைத் தூக்கி ஒரே ஒரு முறை காற்றை முகர்ந்தது. பிறகு பதினொரு யானைகளும் எடுத்த ஓட்டம் சதுப்பு நிலத்தைத் தாண்டித்தான் நின்றது.

மேடம் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட, தஜேயு?"

"பால், மேடம்."

"குளிச்சியா?"

"போன வாரம் குளிச்சேன். தண்ணி இல்லாத மாசம் பாருங்க."

என் மேல் மாட்டு வாசனையும் புகை வாசனையும் அடிப்பது எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் வாசனை யாருக்குத்தான் தெரியும்? நான் மசாய்க்காரன், மாட்டை நம்பிப் பிழைக்கிறவன். இடுப்பிலிருந்து தோள்வரை சிவப்பு ஷுகாத் துணி சுற்றியவன். மேடம் கம்பாக்காரி. அவர்கள் வயலும் தேனடையுமாகப் பிழைக்கிற ஆட்கள்.

"உங்காளுங்களக் கண்டா யானை மட்டுமா ஓடுது? எங்க தாத்தா காலத்துல எங்கூர் மாடெல்லாம்கூட ஓடிச்சு. என்ன, உங்க பட்டிக்குள்ள ஓடிச்சு."

"அது எங்க மாடு, மேடம். ஒலகத்து மாடெல்லாம் கடவுள் எங்களுக்குன்னு குடுத்தது. கொஞ்ச நாள் உங்கூர்ல மேய்ஞ்சுகிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்."

மேடம் சிரித்தார். ஆனாலும் நிபந்தனையை மறக்கவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் ரெபெக்கா குடும்பத்தின் கோப்பை நான் முடிக்க வேண்டும். எந்த யானைக்குக் காது எப்படி, எந்தக் குட்டி யாருடையது, யார் யாரோடு நிற்கிறார்கள் எல்லாம் கிட்டே நின்று பார்த்து எழுத வேண்டும். எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நைரோபியிலிருந்து படித்த பையன் யாராவது வருவான். போன பஞ்சத்தில் என் அறுபது மாடுகளில் நாற்பத்தொன்று செத்துப்போயின. அந்த வேலை எனக்குத் தேவை. அதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்தில் நான் எழுதியதெல்லாம் வால்கள். நீள வால், குட்டை வால், நுனியில் முடியில்லாத வால். ஓடுகிற யானையிடம் வேறென்ன தெரியும்? சமையல்காரர் எனக்கு 'வால் டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்.

வீட்டில் அதைவிட மோசம்.

"இன்னைக்கு எத்தன வாலு, சிரோங்கா அப்பா?" என்பாள் என் மனைவி நாஷிபே, மாட்டைக் கறந்துகொண்டே. சிரோங்கா எங்கள் மூத்த பிள்ளை.

"பதினொண்ணு."

"பன்னெண்டா ஆயிருக்கணுமே. ரெபெக்கா குட்டி போட்டு நாலு நாளாச்சு. பொட்டக் குட்டி. காதுக்குப் பின்னாடி இன்னும் ரோஸ் கலரு போகல."

அவள் தினமும் மூன்று கழுதைகளோடு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவள். வழி யானைகளுக்கு நடுவேதான். அவளைப் பார்த்து ஒன்றும் ஓடாது. "ஓரமா நில்லுங்கடி, கழுதை மிரளுது" என்பாள். அவையும் நாலடி தள்ளி நிற்கும். பெண்களும் அதே மாட்டைக் கறக்கிறவர்கள்தான், அதே புகையில் சமைக்கிறவர்கள்தான். ஆனால் பெண்கள் ஈட்டி எறிவதில்லை. யானைக்கு அது தெரியும்.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், இரவில் உகாலிக் களியைத் தின்றுகொண்டே அவள் வாயைக் கிளறி, காலையில் அதை என் கோப்பில் எழுதினேன். இரண்டாவது பெண் யானைக்கு வலது காதில் அரை விரல் கிழிசல். அதன் மகனுக்கு இடது தந்தம் கோணல். மேடம் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவார்.

"ரெண்டு மைல் தூரத்துலேருந்து இந்தக் கிழிசல் தெரிஞ்சுதா உனக்கு?"

"எங்காளுங்களுக்குக் கண்ணு கூர்மை, மேடம்."

ஆனால் கோப்பின் முதல் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் என் கை கொஞ்சம் தயங்கும். அது ரெபெக்காவின் பக்கம். மேடம் தன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் பேரைத்தான் அதற்கு வைத்திருந்தார். நடை அப்படியே அவருடையதாம். அந்தப் பக்கத்தில், 'இடது காதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை' என்று இருக்கும். பக்கத்துக் கட்டத்தில், 'காரணம்: தெரியவில்லை'.

எனக்குத் தெரியும். அது என் ஈட்டி.

பதினாறு வருடம் முன்பு, இளவட்டமாக நான் முடி வளர்த்து சிவப்பு மண் பூசித் திரிந்த காலம். என் கூட்டாளி லெகிஷோனின் அப்பாவுடைய மாடு ஒன்றை ஏதோ ஒரு யானை குத்திக் கொன்றுவிட்டது. எந்த யானை என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. முதலில் கண்ணில் பட்ட கூட்டத்தை நோக்கி நாலு பேர் ஈட்டியை எறிந்தோம். என்னுடையது காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அன்று ஊர் முழுக்க என் பாட்டுத்தான். இப்போது அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முகாமில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யானை பார்க்கிற வேலையை யானையைக் குத்தினவனுக்கா கொடுப்பார்கள்?

மூன்றாவது மாதம் மேடம் என்னை மசாய்க்காரன் அல்லாதவனாக மாற்றப் புறப்பட்டார். ஷுகாவுக்குப் பதில் சமையல்காரரின் காக்கிச் சட்டை. காலையில் பால் கிடையாது, கறுப்புத் தேநீர். இரண்டு வாளித் தண்ணீரில் வாசனைச் சோப்பு. மாட்டைத் தொடக் கூடாது. எங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சுவாஹிலி மட்டும். நாஷிபே என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரோ தபால்காரர் வீடு மாறி வந்துட்டார்" என்று மகனிடம் சொன்னாள். மாடுகள்கூட என்னைப் பார்த்து ஒதுங்கின. அதுதான் மனதைத் தைத்தது.

ஆனால் பலித்தது. காற்று எதிரில் இருந்தால், வாய் மூடியிருந்தால், இருநூறு அடிவரை நெருங்க முடிந்தது. பிறகு நூற்றைம்பது. ஒரு காலையில் ரெபெக்கா நூறு அடியில் நின்று புல்லை உதறித் தின்றது. குட்டி அதன் காலுக்கடியில் தும்பிக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தானே மிதித்துக்கொண்டது. ரெபெக்காவின் காது ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. மேடம் வைத்த கெடுவுக்குப் பதினோரு நாள் இருந்தது. இன்னும் எட்டே நாள் இப்படி நின்றால் கோப்பு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை லெகிஷோன் மூச்சிரைக்க முகாமுக்கு ஓடி வந்தான்.

"டேய், என் கெணத்துல யானக் குட்டி விழுந்துடுச்சுடா. ஆத்தாக்காரி யாரையும் கிட்ட விட மாட்டேங்குது."

காய்ந்த ஆற்று மணலில் நாங்கள் மாடுகளுக்காகத் தோண்டும் கிணறுகளில் ஒன்று. ஒன்றரை ஆள் ஆழம், அடியில் இடுப்பளவு சேறும் தண்ணீரும். நாங்கள் போனபோது குடும்பம் முழுக்கச் சுற்றி நின்றது. ரெபெக்கா முட்டி போட்டுத் தும்பிக்கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அது துழாவத் துழாவ விளிம்பு மண் சரிந்து குட்டியின் மேலேயே விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அம்மாவே குட்டியை மூடிவிடும்.

மேடம் ஜீப்பை உறுமவிட்டு நேரே ஓட்டினார். ஹாரன் அடித்தார். கதவைத் தட்டினார். யானைகள் திரும்பிப் பார்த்து, நம்ம மேடம்தானே என்று விட்டுவிட்டன.

"பதினஞ்சு வருஷமா பயமுறுத்தாம பழகினேன்ல, அதுக்குத் தண்டனை" என்றார். மிருக வைத்தியர் வர நாலு மணி நேரம் ஆகும். பிறகு என்னைப் பார்த்தார். லெகிஷோனின் ஷுகாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. நான் அசையவில்லை. நூறு அடி வரை வந்ததற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது ரெபெக்காவின் கண்ணெதிரே சிவப்புத் துணியோடு கத்திக்கொண்டு போனால், இந்தச் சட்டையும் சோப்பும் யார் என்று அதற்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நூறு அடியும் இல்லை, வேலையும் இல்லை.

"என்ன நின்னுகிட்டே இருக்கீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாஷிபே கழுதைகளோடு வந்திருந்தாள். "அது சாகட்டும்னா? அதுக்கா தெனமும் சோப்பு போட்டுக் குளிச்சீங்க?"

காக்கிச் சட்டையைக் கழற்றி லெகிஷோனிடம் கொடுத்தேன். அவன் ஷுகாவை வாங்கிச் சுற்றிக்கொண்டேன். மாட்டு வாசனையும் மூக்குப்பொடி வாசனையும் சேர்ந்து அடித்தது. உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து எங்கள் மொழியில் மாடு ஓட்டுகிற கூப்பாடு போட்டபடி நேரே நடந்தேன்.

யானைகள் நின்ற இடம் தெரியவில்லை. கடைசியாக ரெபெக்கா. அது என்னையும் கிணற்றையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்தது. காதுகளை விரித்தபோது அந்த ஓட்டை எனக்கு நேராக இருந்தது. பிறகு அதுவும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த முள்மரக் காட்டை நோக்கி ஓடிற்று.

அதற்கப்புறம் நேரத்தை வீணாக்கவில்லை. ஷுகாவைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றில் இறங்கினேன். குட்டியின் வயிற்றுக்கடியில் கயிறு போட்டேன். அது என் காலை நன்றாக மிதித்தது. மேடம் ஜீப்பில் கயிற்றின் மறுமுனையைக் கட்டி மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். லெகிஷோனும் இன்னும் ஐந்து பேரும் இழுத்தார்கள். சேறு கக்கிக்கொண்டு குட்டி மேலே வந்தது. காலைக் காற்றுக்கு வெடவெடவென்று நடுங்கிற்று.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பட்டியில் ஈரத்தோடு நடுங்குகிற கன்றைக் கண்டால் கை தானாகச் செய்கிற காரியம் அது. ஷுகாவை எடுத்துக் குட்டியைத் துடைத்து, அதையே முதுகில் போர்த்தி, மார்புக்கடியில் இறுக்கி ஒரு முடிச்சும் போட்டேன். சுற்றி நின்ற ஆறு மசாய்க்காரர்களில் ஒருவருக்குக்கூட அதில் தப்பிருப்பதாகத் தோன்றவில்லை. லெகிஷோன், "காதையும் மூடிக் கட்டுடா, குளுருது பாரு" என்றுகூடச் சொன்னான். கயிற்றை அவிழ்த்து, பின்னால் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினோம்.

மேடம் ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்தார்.

"தஜேயு, அது முதுகுல என்னது?"

பதில் அக்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. குட்டியின் கத்தலைக் கேட்டு எதிரே வந்த குடும்பம், பாதி மணலில் நின்றது. தும்பிக்கைகள் மேலே போயின. சிவப்பு. மாடு. மூக்குப்பொடி. அப்புறம் ஒரே ஓட்டம். குட்டி அம்மாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் ஷுகா பறக்கப் பின்னாலேயே ஓடிற்று. அது கிட்டே வரவர அவை இன்னும் வேகமாக ஓடின. ரெபெக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடிற்று.

லெகிஷோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாரும் சிரித்தோம். பிறகு குட்டி தடுக்கி விழுந்து, எழுந்து, யாரும் இல்லாத மணலில் நின்று கத்தியது. சிரிப்பு நின்றுவிட்டது. பால் குடிக்கிற குட்டி. இந்த வெயிலில் நாளைவரை தாங்காது.

"நான் போயி அவுத்துட்டு வரேன்" என்றேன்.

"நீ போனா அதுங்க தான்சானியாவுலதான் நிக்கும்" என்றார் மேடம். ஜீப்பில் கட்டி இழுத்ததில் மிரண்டுபோன குட்டி அவரைக் கண்டாலும் ஓடும், ஜீப்பைக் கண்டாலும் ஓடும்.

நாஷிபே ஒரு கழுதையை அவிழ்த்தாள்.

"எல்லாரும் ஜீப்புக்குப் பின்னாடி போயி உக்காருங்க. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. முக்கியமா சிரோங்கா அப்பா."

அவள் தினமும் போகிற மாதிரியே போனாள். அவசரமில்லாமல், கழுதையைத் திட்டிக்கொண்டு. நான் ஜீப்பின் சக்கரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்துப் பார்த்தேன். இளவட்டத்தில் சிங்கத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அப்போதுகூடப் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது.

குட்டி கழுதையைப் பார்த்ததும் கிட்டே வந்தது. துணை கிடைத்தால் போதும் என்றிருந்தது அதற்கு. நாஷிபே பேசிக்கொண்டே முடிச்சில் கை வைத்தாள். காற்று எங்கள் பக்கம் இருந்ததால் எல்லாம் கேட்டது.

"எந்தப் புண்ணியவான்டி இப்பிடிக் கட்டினான். இதுல மாட்டையே தொங்கவிடலாம்போல இருக்கே."

பல்லால் கடித்து அவிழ்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்து, ஓடினபோது யானைகள் போட்டுவிட்டுப் போன பச்சைச் சாணத்தை இரண்டு கையாலும் அள்ளிக் குட்டியின் முதுகு, கழுத்து, மார்பு எல்லாம் பூசினாள். பூசி முடித்தபோது முள்மரங்களுக்கு நடுவிலிருந்து ரெபெக்கா வந்துகொண்டிருந்தது. அவள் கையில் ஷுகா. ஒளிக்க இடமில்லை. நாஷிபே அதைச் சுருட்டி மணலில் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் சாணத்தைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். கழுதை அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

ரெபெக்கா பத்தடியில் நின்றது. தும்பிக்கை நாஷிபேயின் தலைக்கு மேல் வந்து, அங்கேயே நின்று, காற்றை இழுத்தது. நான் மணலை வாயில் கவ்விக்கொண்டேன். இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

"ஆமா, நான்தான்" என்றாள் நாஷிபே. "தெனம் பாக்குற ஆளுதானே. பிள்ளைய முதல்ல கவனி."

தும்பிக்கை குட்டியிடம் போனது. வாயைத் தடவிற்று, முதுகைத் தடவிற்று, சாணத்தை முகர்ந்தது. குட்டி அம்மாவின் முன்காலுக்கடியில் புகுந்து பாலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பிறகு மற்றவையும் வந்து சுற்றி நின்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உறுமின. மணல் அதிர்ந்தது. நடுவில் என் மனைவி எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சக்கரத்தின் தூசி என்று லெகிஷோனிடம் சொன்னேன்.

யானைகள் போன பிறகு அவள் வந்து துணியை லெகிஷோன் மேல் எறிந்தாள்.

"இந்தாங்க உங்க ஷுகா. துவைச்சுக் கட்டுங்க."

லெகிஷோன் பொத்தான் போட முடியாத என் காக்கிச் சட்டையில் நின்று அதைப் பிடித்தான்.

மேடம் கோப்பை எடுத்து ஜீப்பின் மூக்கின் மேல் விரித்தார்.

"நாஷிபே, ரெண்டாவது யானைக்கு எந்தக் காதுல கிழிசல்?"

"வலது. அரை விரல் இருக்கும். இவருகிட்ட ஒரு மாசம் முன்னாடியே சொன்னேனே."

மேடம் என் பக்கம் திரும்பினார். "கண்ணு கூர்மைன்னு சொன்ன."

"காதும் கூர்மை, மேடம்" என்றேன். "ராத்திரி இவ சொன்னத எழுதுனேன். எல்லாம் இவ பாத்தது."

சொன்னதும் எனக்குள் ஏதோ லேசாயிற்று. வேலை எப்படியும் போய்விட்டது. இனி மிச்சம் வைப்பானேன்? பேனாவை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'தெரியவில்லை' என்பதை அடித்தேன். 'ஈட்டி. எறிந்தவன் தஜேயு' என்று எழுதினேன்.

மேடம் அதைப் படித்தார். நாஷிபே கழுதையின் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"வருஷம் போடலியே" என்றார் மேடம்.

போட்டேன். மாதத்தையும் போட்டேன்.

"பதினாறு வருஷமா ஞாபகம் வெச்சிருக்கு" என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கோப்பை மூடி என்னிடம் நீட்டவில்லை, நாஷிபேயிடம் நீட்டினார். "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கல்ல?"

"படிச்சிருக்கேன். தண்ணி யாரு எடுப்பா?"

"இவன் எடுப்பான். சிவப்புத் துணியோட கெணத்துப் பக்கம் தெனமும் நடமாடினா எந்தக் குட்டியும் விழாது. முள்வேலி போடற வரைக்கும் அதுதான் இவனுக்கு வேலை."

இப்போது நான் விடியற்காலையில் பால் குடித்துவிட்டு, ஷுகாவைச் சுற்றிக்கொண்டு, மூன்று கழுதைகளோடு கிணறுகளைச் சுற்றி வருகிறேன். வழியில் பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தூரத்தில் சதுப்பு நிலத்தில் நாஷிபே கோப்போடு யானைகளுக்கு நடுவே நிற்பது தெரியும். நான் மேட்டில் ஏறும் நேரத்தில் ரெபெக்கா தும்பிக்கையைத் தூக்கி என் பக்கம் காற்றை முகரும். குட்டியைத் தன் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொள்ளும். நான் அதற்குமேல் ஓரடி வைப்பதில்லை. இறங்கி வேறு வழியாகப் போகிறேன்.

போன வாரம் அவள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். காலை ஆறு பத்துக்கு ரெபெக்கா தும்பிக்கையைத் தூக்கியது, குட்டியை மறைத்தது, பிறகு மேய்ந்தது. பக்கத்துக் கட்டத்தில் அழகான கையெழுத்தில்:

'காரணம்: என் புருஷன். இன்று ஓடவில்லை.'